விழித்ததும் படுத்துவிடும் மடிக்கணினி

அலுவலகத்தில் அவருக்குத் தூக்கத்துக்காரர் என்று பெயர். மடிக்கணினிகளைத் தூங்கவைத்து எழுப்புவதுதான் பிழைப்பு.

மூடியைச் சாத்தினால், கணினியை நடத்தும் கெர்னல் தன் நினைவிலிருப்பதையெல்லாம் ஹார்டு டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைந்துபோகும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதற்கு முன்பே ஃபர்ம்வேர் என்கிற நிரல் விழித்து, மூடி திறந்திருக்கிறது, சார்ஜர் செருகவில்லை என்று நினைவின் ஒரு மூலையில் புதுசாகக் குறித்துவைத்திருக்கும். அந்த ஃபர்ம்வேரை எழுதுகிறவர் மேல்மாடியில் இருக்கும் மச்சான், அதாவது தூக்கத்துக்காரருடைய மனைவியின் தம்பி. இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது.

ஆகவே நம்மவரின் கெர்னலும் ஃபர்ம்வேரை மதிக்காது. தூங்கும் முன் எடுத்துவைத்த பழைய குறிப்பை அந்த மூலையில் அப்படியே திரும்ப எழுதிவிடும். பழைய குறிப்பில் மூடி சாத்தியிருக்கும், சாத்தியதால்தானே தூங்கியது! கணினி விழிக்கும், குறிப்பைப் பார்க்கும், மறுபடி படுத்துவிடும்.

"வெள்ளிக்கிழமை கம்பெனிப் பெரியவங்க பார்க்க வர்றாங்க. அன்னிக்கும் இது படுத்துடுச்சுன்னா உங்க பிரிவையே எடுத்துடுவாங்க" என்றார் மேலாளர் அம்மா. பிரிவு என்றால் தூக்கத்துக்காரர் ஒருத்தர்தான்.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

"நான் கேக்க மாட்டேன். வேணும்னா என் கெர்னல் அவனோடதுகிட்ட கேட்டுக்கட்டும்."

வியாழக்கிழமை அப்படியே செய்தார். பழைய குறிப்பைத் திரும்ப எழுதும் வரியை நீக்கினார். இனி விழித்ததும் கெர்னல் ஃபர்ம்வேரிடம் புதுசாகக் கேட்கும்.

அக்காவின் நச்சரிப்பில் மச்சானும் அன்றே இளகினார். மாமா எப்படியும் பழசைத்தான் எழுதுவார். எனவே விழித்ததும் குறிப்பைப் பார்த்தாலும் சரி, மூடியைப் பற்றிக் கேட்டாலும் சரி, குறிப்பில் இருப்பதற்கு நேர்மாறாகச் சொல் என்று ஃபர்ம்வேரைப் பழக்கினார். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பேசின மாதிரி ஆகிவிடுமே!

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் முன்னால் மூடியைத் திறந்தார்கள். கெர்னல் வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதையாகக் கேட்டது. குறிப்பில் மூடி திறந்திருக்கு என்றுதான் இருந்தது; ஃபர்ம்வேரோ பழகியபடி சாத்தியிருக்கு என்றது. கணினி படுத்தது.

"மாமா, நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

"நீ எதுக்குடா மாத்தினே?"

மூன்று வருட மௌனம் கலைந்தது. சரிசெய்யப் பெரியவர்கள் அரைமணி நேரம் கொடுத்தார்கள்.

மாமா செஞ்சதே இருக்கட்டும் என்று மச்சான் தன் மாற்றத்தை எடுத்துவிட்டார். பாவம், சின்னவன் ஆசையாகச் செய்தது என்று மாமா தன்னுடையதை எடுத்துவிட்டார். விட்டுக்கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

கணினி விழித்தது. பழைய குறிப்பை எழுதியது. படுத்தது.

பிரிவை எடுக்கும் கடிதத்தில் மேலாளர் அம்மா கையெழுத்துப் போடும்போது, "மாமா மேல தப்பே இல்லைங்க" என்றார் மச்சான். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் மாமா. அந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பேனாவை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.