தாய்மாமன் மடி

சூரனைக் கொன்றுவிட்டு வந்த முருகனுக்கே சினம் தணிந்த மலை எங்கள் ஊர் மலை. அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் நடக்கிற சூரசம்ஹாரம் திருத்தணியில் கிடையாது. பதிலுக்குச் சாமி மேல் பூவாகக் கொட்டுவார்கள். அந்த மலையடிவாரத்திலேயே பிறந்து, அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த எனக்கு மட்டும் எதுவும் தணியவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பேர்ப்பட்ட என்னைத்தான், சண்டையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவ ஒரு நிலையம் வைத்தார்கள். நிலையம் என்றால் மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர், நான். எனக்கு இங்கிலீஷ் தெரியும், வேலை இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அவ்வளவுதான் என் யோக்கியதை. சென்னைக்கு அனுப்பிக் கொஞ்ச நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வந்தவனைப் பேச விடு, நீ வாயை மூடு. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே ஒரு சந்தேகம் கேட்டேன்.

ஊருக்கு வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். சாமியே சண்டை போட்டுவிட்டு இங்கே வந்துதான் கோபம் ஆறினார், நீங்களும் ஆற வேண்டும் என்று மலைப்பக்கம் கையை நீட்டி முடிப்பேன். பர்மாவில் லாரி ஓட்டிய ஒருவர் அதை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமிக்கு இன்னா சார், ரெண்டு பொண்டாட்டி, மலை மேல ஊடு. எனக்கும் குடுங்க, நானும் ஆறிடறேன்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மளிகைக்காரர் எட்டிப் பார்த்தார். ரோஷத்தில் நான் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அன்றைக்குத்தான் வந்தவர்கள் மனம் விட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ஒருவன் வந்து வாசலிலேயே நின்றான். என்னைவிட மூத்தவன்தான், அவன் இவன் என்று எழுதும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்பது போகப் போகத் தெரியும். நல்ல உயரம். தோளில் காக்கிப் பை. உள்ளே வரச் சொன்னால் நிலைப்படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வரவில்லை. கடைசியில் நான்தான் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

"ஊட்டுக்குள்ள உட மாட்டேன்றாங்க சார்" என்றான்.

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பள்ளிப்பட்டுச் சாலையை ஒட்டிய கிராமத்தில் விவசாயக் குடும்பம். மலேயாவில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, முள்வேலிக்குள் வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறான். ஒரு தகவலும் இல்லை. கூடப் போன ஒருவன் எப்படியோ முன்னால் திரும்பி வந்து, குண்டு விழுந்த இடத்தில் இவனும் இருந்தான் என்று சொல்லிவிட்டான். வீட்டில் காத்திருந்து பார்த்து, கடைசியில் கருமாதி செய்து, மனைவியின் தாலியையும் கழற்றிவிட்டார்கள். இப்போது செத்தவன் ரயிலை விட்டு இறங்கி நடந்து வந்து நிற்கிறான். அம்மா பார்த்து அழுதாளாம், ஆனால் வாசலில் குறுக்கே கையை வைத்துவிட்டாளாம். கிணற்றங்கரைக் கொட்டாயில்தான் படுக்கிறான். அவள் சோறு கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாளாம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நாட்டுக்காகப் போய் வந்தவனை மாட்டுக் கொட்டாயில் படுக்க வைப்பதா! சைக்கிளை எடுத்தேன், அவனைப் பின்னால் உட்காரச் சொன்னேன். பாதி தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியதால் அவன் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டே போனேன்.

அவன் அம்மா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கதவுக்குப் பின்னால் நிழலாகத் தெரிந்தாள். அவன் பட்டாளத்துக்குப் போன பிறகு பிறந்த பெண் குழந்தை, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. நான் மூடநம்பிக்கை என்று ஆரம்பித்து நாகரிகம், சர்க்கார், விஞ்ஞானம் என்று ஒரு சுற்று வந்தேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நான் நிறுத்திய பிறகுதான் பேசினாள்.

"இந்தக் கையாலதான் ஐயா அவனுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சேன். செத்தவனுக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டு, சும்மா உள்ள வான்னு கூப்டா, எமன் பின்னாடியே வருவான். எம்புள்ள ரெண்டாந்தபா சாவக் கூடாது."

பதில் தெரியாதபோது சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா வீணாகச் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து, வாடா உன் வீட்டுக்குள் என்று ஒரே இழுப்பாக இழுத்தேன். நிலைவாசல் தாழ்வானது. தன் வீட்டு வாசல் உயரம் அவனுக்கே மறந்திருந்தது. நெற்றி மடேரென்று இடித்து ரத்தம் வந்தது. அம்மா அலறினாள். குழந்தை அதைவிடச் சத்தமாக, "எங்க நைனா செத்துப் பூட்டாரு, இது யாரு, இது யாரு" என்று கத்தியது. அவன் என் கையை உதறிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவன் என்று அன்றுமுதல் அந்தக் கிராமத்தில் என்னைச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கொட்டாயில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனாகவே பேச ஆரம்பித்தான்.

"அம்மா சொல்றதுல தப்பு இல்ல சார். வேலிக்குள்ள இருக்கும்போது நானே என்னச் செத்தவன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இன்னும் உசுரு வந்துச்சான்னு தெரியல. அழுவக்கூட வரல. எங்கொழந்த என்னப் பாத்து அலறாம இருந்தா போதும்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகத்தான் என்னைச் சென்னைக்கு அனுப்பியது. நான் உடனே முருகனுக்குச் சினம் தணிந்த கதையை எடுத்தேன். அவன் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த சந்தை நாளில் அவன் அம்மா நிலையத்துக்கே வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் சண்டைக்குத் தயாரானேன். அவள் மெதுவாகச் சொன்னாள். செத்தவன் திரும்பி வந்தால் அவனைப் புதுசாகப் பிறந்தவனாக்கித்தான் வீட்டுக்குள் விடுவது அவர்கள் வழக்கம். பிறந்த குழந்தைக்குச் செய்கிற மாதிரி மலையில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். பிறகு மனைவிக்கு மறுபடி தாலி. பூசாரியைக் கேட்டாகிவிட்டது, நாளும் பார்த்தாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே தம்பி காலராவில் போய்விட்டான்.

"நீ வந்து தம்பி மொறைக்கு ஒக்காரு" என்றாள். ஐயா போய் நீ ஆகிவிட்டது. "எந்தம்பியும் உன்ன மாரிதான். வாய் ஓயாது, கோவம் பொத்துக்கினு வரும். ஆனா கூப்ட்டா வந்துடுவான்."

வெட்கத்தில் மறுக்கவும் முடியவில்லை; ஒத்துக்கொள்ள விஞ்ஞானம் வேறு குறுக்கே நின்றது. ஆனால் நான் இழுத்து உடைத்த நெற்றியை நினைத்துக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

மலைமேல் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "கொழந்த எங்க?" என்று கேட்டார். அவன் அம்மா, நிலை உயரத்துக்கு நின்ற மகனைக் காட்டினாள். நாவிதர் அவனைப் பார்த்தார், மடி கொடுக்க வந்த என்னைப் பார்த்தார். நான் அப்போது ஊதினால் பறக்கிற உடம்பு. "மாமனைக் கொழந்த மடியில வச்சிக்கலாமே" என்றார். சுற்றிக் கூடியிருந்த ஜனம் சிரித்தது. அவனுக்கும் கூச்சம், நின்றுகொண்டே குத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்தான். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவன்தான், ஆனால் அந்த எலும்பே ஒரு மூட்டை தேறும். முதலில் என் தொடை போயிற்று, பிறகு மூச்சு. கத்தி தலைமேல் ஓடும்போது அவன் அசையவில்லை. குழந்தையில் குத்திய காதுத் துளைகள், பட்டாளத்தில் கடுக்கனைக் கழற்றச் சொன்னதில் தூர்ந்து போயிருந்தன. ஆசாரி அதே இடத்தில் புதிதாக ஊசியை ஏற்றினார். அதற்கும் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்ப்பது போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். காது குத்தினால் குழந்தை அழ வேண்டும். அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்த ஜனம் எட்டி எட்டி அவன் முகத்தைப் பார்த்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இவனுக்கு நிஜமாகவே உயிர் வரவில்லையோ என்று, விஞ்ஞானம் பேசிய நான்தான் நினைத்தேன்.

அப்போது அந்தப் பெண் குழந்தை கூட்டத்துக்குள் புகுந்து வந்தது. போன ஆடிக் கிருத்திகைக்கு இதே இடத்தில்தான் அதற்கும் காது குத்தினார்களாம். மொட்டைத் தலையோடு, காதில் ரத்தப் பொட்டோடு, ஒருத்தர் மடியில் உட்கார்ந்திருந்தவனை அது உற்றுப் பார்த்தது. பயமில்லை. வாயில் அதக்கிக்கொண்டிருந்த கமர்கட்டை எடுத்து, கொஞ்சம் யோசித்து, அவன் வாயில் வைத்தது.

"அவ்ளோதான். ஆயிட்ச்சி, ஆயிட்ச்சி. வலிக்காது" என்றது.

அவன் உடம்பு முதலில் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய ஆள், கமர்கட்டை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவில், என் மடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நிறுத்தவே இல்லை. அவன் மனைவி வந்து அந்த மொட்டைத் தலையில் சந்தனம் தடவினாள். தடவிக்கொண்டே அவளும் அழுதாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் ஒருவன் துக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாயை மூடிக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான். பக்குவம் வந்துவிட்டது என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். உண்மையில் மூச்சு விட முடியவில்லை.

சந்நிதியில் தாலி கட்டி முடிந்தது. எனக்குக் கால் மரத்துப் போய் எழுந்திருக்க முடியாததால், மருமகனே மாமனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். எதிரே காவடியோடு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், என்ன வேண்டுதலோ என்று. குழந்தை பின்னாலேயே, "தாத்தாவுக்குக் கால் நோவுது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தது. அப்பாவுக்குத் தாய்மாமன் அதற்குத் தாத்தா முறை. கல்யாணமே ஆகாத எனக்கு இருபத்து நாலு வயதில் பேத்தி.

வண்டி கட்டிக் கிராமத்துக்குப் போனோம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவன் மட்டும் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். இப்போது தடுக்க யாரும் இல்லை, அவன் காலே வரவில்லை. கை தானாக நெற்றித் தழும்புக்குப் போயிற்று. எனக்கு நாக்கு துறுதுறுத்தது; தைரியமாகப் போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

குழந்தை திரும்பி வந்து அவன் விரலைப் பிடித்தது.

"தல இடிக்கும். குனிஞ்சி வா, நைனா."

அவன் குனிந்தான்.