ஐஸுக்குள் அடித்த மணி

நான் ஒரு முட்டாள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் செல்போனை நானே ஐஸ் பெட்டிக்குள் புதைத்துக் கொன்றேன். தவறி விழுந்தது என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஊரும் நம்பியது. முட்டாள் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா என்ன!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் இத்தனை காலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்… உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு.

எனக்கு ஜெகதாப்பட்டினம். ஒரு விசைப்படகுக்குக் கரையில் நிற்கிற ஆள் நான். ஐஸ் ஏற்றுவது, டீசல் பிடிப்பது, படகு திரும்பியதும் மீனை ஏலத்தில் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. கடலுக்குப் போவதில்லை, அலையைக் கண்டால் வயிறு என் பேச்சைக் கேட்காது. அதனால் படகின் கேபினில் என் செல் நம்பரைப் பெரிதாகப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடலில் ஏதாவது ஒன்று என்றால், யார் போன் கையில் கிடைத்தாலும் அடிக்க வேண்டிய நம்பர் அது. வீட்டு நம்பரெல்லாம் அவரவர் போனுக்குள் இருக்கும். போன் நனைந்தால் அதுவும் போச்சு. பெயின்ட் நனையாது.

இப்படிப்பட்ட பொறுப்பில் இருந்தவனுக்குத்தான் அந்த ஆசை வந்தது.

புதிதாக ஒரு பெரிய போன் வந்திருந்தது. வீடியோவில் ஒருவர் அதன் கேமராவை நீட்டி நிலாவில் இருக்கும் குழியைக் காட்டினார். இந்த வயதுவரை நிலாவால் எனக்கு ஒரு வேலையும் ஆனதில்லை. ஆனாலும் அந்தக் குழி எனக்கு வேண்டும் போலிருந்தது! போனைச் சுற்றி டைட்டானியச் சட்டம் என்றார். நாளெல்லாம் மத்தி மீனை அள்ளுகிற கைக்கு டைட்டானியம் எதற்கு என்று என்னையே கேட்டேன். தொழிலுக்குத்தான் என்று நானே பதில் சொன்னேன். நண்டைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பினால், அதன் கண்ணில் அவர் முகம் தெரிய வேண்டாமா?

இந்த வாதத்தை என் மனைவி புவனாவிடம் வைத்தேன்.

"நண்டு கண்ணுல அவரு மொகம் எதுக்குங்க? அவரு நண்டு வாங்க வாராரா, பொண்ணு பாக்க வாராரா?" என்றாள். "இருக்குறது நல்லாத்தானே ஓடுது. செத்தா அடுத்தத பாப்போம்."

செத்தால்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் படகு இன்னும் வரவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே ஆவது வழக்கம்தான். ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸும் உப்புத் தண்ணீருமாகக் கிடந்தது. அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தேன். போனை உள்ளே தள்ளி, மேலே ஐஸை அள்ளிப் போட்டேன்.

தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் அதை விற்றிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, பாவிகள்! அது சாகவில்லை. சற்று நேரத்தில் ஐஸுக்குள்ளிருந்து மணி அடித்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு யாரோ பாடுவது போல ஒரு சத்தம்… எனக்குச் சிரிப்பு வந்தது. புவனாவாகத்தான் இருக்கும், வீட்டுக்கு மீன் கொண்டுவரச் சொல்லுவாள் என்று நினைத்தேன். "செத்துத் தொலையேன்" என்று இன்னும் இரண்டு கை ஐஸ் போட்டேன். நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி போட்டேன். பிறகு அது அடிக்கவே இல்லை.

இத்தனை காலமும் நான் மறைத்தது இதைத்தான். போன் செத்ததை எல்லோரும் அறிவார்கள். சாவதற்கு முன் அடித்ததையும், அதை நான் கேட்டதையும் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. எல்லாப் படகுகளும் வந்துவிட்டன, எங்களுடையதைத் தவிர. எங்கள் கரையில் அதற்கு முதலில் தோன்றும் அர்த்தம் ஒன்றுதான்: எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவே.

செல்வி மதினி வந்தார். படகை ஓட்டுகிற மாரியண்ணனின் மனைவி. 'தம்பி' என்று கூப்பிடாமல் என்னிடம் ஒரு வாக்கியமும் பேசாதவர்.

"தம்பி, ஒங்களுக்குப் போனு வந்துச்சா தம்பி?"

"இல்ல மதினி. போனு ஐஸ்ல விழுந்து செத்துப்போச்சு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் அடிக்கலயா தம்பி?"

"அடிக்கல மதினி."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்! அலைக்குப் புரளும் என் வயிறு, அந்தப் பொய்க்குப் புரளவில்லை.

மதினி ஐஸ் கம்பெனிச் சுவரோரம் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறி ஆடை கட்டியது. போன தடவை பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, எந்த ஆபீசுக்கு முதலில் போக வேண்டும், எந்தப் போட்டோ கொண்டுபோக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். மதியத்துக்கு மேல் எனக்குப் பயம் வந்து, சிம்மை மட்டும் எடுத்துத் துடைத்து இரவல் போனில் போட்டேன். அழைப்பு எதுவும் வரவில்லை. மதினியின் கண் அந்த இரவல் போனை விட்டு நகரவில்லை.

பொழுது சாயும்போது, இன்னொரு படகு எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் நின்றுபோய் மல்லிப்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். கரையில் கால் வைத்ததும் மாரியண்ணன் கேட்டார்:

"காலைலயே, இருந்த ஒத்த போனும் நனஞ்சு போறதுக்கு முன்னாடி, ரெண்டு தடவ அடிச்சேனேடா. மணி போச்சே! ஏன்டா எடுக்கல?"

"தண்ணிக்குள்ள கெடந்தா அங்கிட்டு மணி போகுமாம், இங்கிட்டு கேக்காதாம்ணே."

அறிவியலையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்! எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அந்த வாரமே பெரிய போன் வந்தது. நிலாவைப் படம் எடுத்தேன். குழி தெரிந்தது. அப்புறம் நான் நிலாப் பக்கம் போகவில்லை.

இப்போது அதற்கும் மேலான ஒன்று வந்திருக்கிறது. இந்த முறை புவனாவே ஆரம்பித்தாள்.

"பழச வாங்கிக்கிட்டு புதுசு தாராகளாம்ங்க. எப்பிடியும் ஐஸ்லதான் போடப் போறீங்க… அதுக்குள்ள மாத்திருங்க."

இவள் எதையெல்லாம் அறிவாளோ!

வாங்கலாமா, வேண்டாமா? பழைய நானாக இருந்தால் இந்நேரம் வீடியோவும் கையுமாக இருந்திருப்பேன். இந்த முறை நீண்ட யோசனை தேவைப்படவில்லை. வேண்டாம். இந்தப் போன் தானாகச் சாகும்வரை இதுதான். ஆனால்… புதுப் போன் வாங்காமல் இருப்பது ஒரு தவமா? என்ன பிரமாதமான துறவு! அதைச் செய்துவிட்டால் மதினி அன்று சுவரோரம் உட்கார்ந்திருந்த பகல் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க, கடைக்கா?"

"கடைக்கு இல்ல. மதினிகிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு வாரேன்."

மதினி கரையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றும் அண்ணன் கடலில்தான் இருந்தார். வழியெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எதிரில் உட்கார்ந்ததும் அது வரவில்லை. நேராகவே சொன்னேன். போனைப் புதைத்ததைச் சொன்னபோது அவர் கை வேலையை நிறுத்தவில்லை. மணி அடித்ததைச் சொன்னபோது நின்றது. ஐஸ் அள்ளிப் போட்டதையும் சொன்னேன், இரண்டு தடவையும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு அடியாவது விழாதா என்றுகூட ஏங்கினேன்…

மதினி கடலைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தார். இறால் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்:

"போனு அடிச்சா எடுங்க."