கோதண்டபாணியின் சட்டைப் பை

கடை திறந்ததும் கோதண்டபாணி அண்ணன் சட்டைப் பையிலிருந்து கிரெடிட் கார்டை எடுப்பார். கைக்குட்டையின் ஒரு மூலையால் முன்பக்கம், மறு மூலையால் பின்பக்கம் துடைப்பார். எண்கள் புடைத்திருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, விபூதிப் பொட்டலத்துக்கும் பேனாவுக்கும் நடுவே செருகுவார். பிறகுதான் முதல் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுவார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள மருந்துக் கடையில் பதினான்கு வருடமாக அவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். நான் மூன்று வருடமாகப் பில் போடுகிறேன். அவர் அதிகம் பேசமாட்டார், நானும்தான்.

போன சித்திரையில் அரக்கோணம் சாலையிலிருந்து சற்று உள்ளே ஒரு வீடு பார்த்தார். இரண்டு அறை, தனிக் குழாய். இப்போது இருக்கும் இடத்தில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய். வீட்டை விற்பவர் ஆவணி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வங்கிக் கடன் கிடைக்க வேண்டும்.

வைகாசியில் ஒருநாள் அவர் துடைத்தது வேறு கார்டு.

"பழசு இன்னாச்சுணா?"

"மூடிட்டேன். வருஷத்துக்கு ஐந்நூறு புடிக்கிறான். இதுக்கு ஒண்ணும் இல்ல."

கல்லாவிலிருந்த முதலாளி கஜபதி சிரித்தார். "ஐந்நூற மிச்சம் புடிச்சே வூடு வாங்கிடுவான்யா."

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, முட்டிவலித் தைலம் கேட்டு வருகிறவர்கள் குறைந்த பிறகு, என்னை வங்கிக்கு அழைத்துப்போனார். படிவம் இங்கிலீஷில் இருந்தது. கடன் பிரிவு அம்மாள் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பதினோரு வருஷம் ஒழுங்கா கட்டின கார்டு. லிமிட் ஒன்றரை லட்சம். அத ஏன் சார் மூடினீங்க? புதுசுல லிமிட் முப்பதாயிரந்தான், அதுலயும் இருபத்தெட்டாயிரம் தேய்ச்சிட்டீங்க. கைல காசே இல்லாதவர் மாதிரி காட்டுது. ஸ்கோர் எறங்கிடுச்சு. ஆறு மாசம் போகட்டும்."

"ஆங்" என்றார் அண்ணன்.

இருபத்தெட்டாயிரம் எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேஜையோடு பேனாவைக் கட்டியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "டீ குடிக்கிறியா?" என்றார். குடித்தோம்.

ஆவணியில் அந்த வீட்டைப் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். அன்றும் அண்ணன் வழக்கமான நேரத்துக்கு வந்தார். சர்க்கரை மாத்திரை பத்து மட்டும் கேட்ட பெரியவருக்கு அட்டையை வெட்டிக் கொடுத்தார். கார்டைத் துடைப்பது நின்றுவிட்டிருந்தது. காலையில் கை மட்டும் பைக்குப் போகும், பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

ஐப்பசியில் ஒருநாள், அவர் குடோனில் இருந்தபோது, அவர் மனைவி ஹேமாவதி அக்கா சாப்பாடு கொண்டுவந்தார். அந்தக் கார்டு பேச்சை நான்தான் எடுத்தேன்.

"ஐந்நூறுக்கா மூடினாரு? இவரோட அக்கா வூட்டுக்காரரு பொதட்டூர்பேட்டையில தறி ஓட்டுறாரு. அந்தப் பாவா தறி மோட்டாருக்குக் கார்டு கேக்கப்போறாருன்னு காதுல வுழுந்துச்சு. இல்லன்னு சொல்ல இவருக்கு வாய் வராது. மூடிட்டா நெஜமாவே இல்லன்னு சொல்லலாமில்ல. கார்டே இல்லன்னா பேங்க்ல மதிக்கமாட்டான்னு எவனோ சொன்னான், சின்னதா ஒண்ணு வாங்கிக்கினாரு."

"பாவா வந்தாராக்கா?"

"வந்தாரு. பழச மூடிட்டேன்னாரு இவரு. 'புதுசு இருக்குதா மச்சான்'னு கேட்டாரு பாவா."

சாப்பாட்டுக் கூடையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அக்கா இன்னொன்றும் சொன்னார். அந்த இருபத்தெட்டாயிரத்துக்குப் பாவா ஒவ்வொரு தவணையையும் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுகிறார். வீடு போனது அவருக்குத் தெரியாது.