சீயக்காயில் அலசிய நூல்

சார்வரி வருடம், ஆடி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1900. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் முடிந்து பந்தல்களைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. மதுரை ரயில் கொட்டகையில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்த நான், டிரைவர் பரீட்சைக்குப் படிக்க லீவு போட்டுவிட்டு சொந்த ஊரான ராஜபாளையம் வந்திருந்தேன். எங்கள் பக்கம் அப்போது ரயில் கிடையாது. சாத்தூரில் இறங்கி மாட்டுவண்டியில் வர வேண்டும்.

டிரைவர் வேலையில் காலியாக இருந்தது ஒரே இடம். எனக்குப் போட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான இன்னொரு ஃபயர்மேன். அவர் குடும்பத்துக்கு அங்கே சாயப்பட்டறை இருந்தது. வந்த மறுநாளே அவர் என்னைத் தேடி வந்தார்.

"நூல் பரீட்சைக்குப் பழகணும்னா எங்க பட்டறைக்கு வா மாப்ளே. எங்ககிட்ட இல்லாத நிறமா?"

எஞ்சினைப் பற்றிய கேள்விகளை விட அந்த நூல் பரீட்சைக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, வெள்ளைக்கார டாக்டர் பல நிறக் கம்பளி நூல்களை மேசையில் கொட்டுவார். ஒரு பச்சைத் துண்டைக் காட்டி, அந்த வகையில் சேர்ந்ததை எல்லாம் பொறுக்கச் சொல்வார். தவறினால் அத்தோடு சரி.

போட்டிக்காரன் எதற்கு உதவ வேண்டும்? யோசித்துக்கொண்டேதான் போனேன். பட்டறையில் நான் வெளிர்பச்சைக்கும் சாம்பலுக்கும் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் பேச்சுவாக்கில் மளமளவென்று பிரித்துப் போட்டார். ஒன்று கூடத் தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு நூல்கட்டையும் எடுத்ததும் ஒரு கணம் முகத்தருகே கொண்டுபோனார். முடிச்சில் ஏதோ அடையாளம் வைத்திருக்கிறார், என் மனத்தை உடைக்கத்தான் வரச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"வீட்டில் பழகுகிறேன், கொடு" என்று கேட்டுப் பார்த்தேன். உடனே கொடுத்துவிட்டார். அதுவும் சந்தேகமாகவே பட்டது. வீட்டில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. மெழுகோ பசையோ தடவியிருக்கலாம் என்று நூல் முழுவதையும் சீயக்காயில் அலசி, உலர்த்தி, ஒரே மாதிரி கட்டி எடுத்துப் போனேன்.

"இப்போது பிரி, பார்க்கலாம்."

அவர் முதல் நூல்கட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார். அது நல்ல சிவப்பு.

தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன் சிரித்தார். "ஏலே, வெத்தலைக்கும் வெத்தலை எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

"ரெண்டு பேரும் சேந்து வெளையாடுதியளா? எல்லாத்துலயும் சீயக்கா வாசமால்ல அடிக்கு" என்றார் என் போட்டிக்காரர். அடுத்து ஒரு பழுப்பை எடுத்து அதையும் பச்சையோடு வைத்தார்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அவுரி நீலம் ஏறிய நூலுக்கு ஒரு நெடி. சிவப்புச் சாயத்துக்கு எண்ணெய் வாசம். மஞ்சள் சேர்த்த பச்சைக்கு இன்னொன்று. பிறந்ததிலிருந்து அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவர், மூக்கு சொன்னதைக் கண் சொன்னதாகவே நினைத்திருந்தார். டாக்டரின் கம்பளி நூலில் அந்த வாசம் எதுவும் இருக்காது.

"ராத்திரியில் கைகாட்டியின் சிவப்பு, பச்சை விளக்கை எப்படிப் பார்த்தாய்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். "டிரைவர் சொல்லுததத்தான் நானும் திருப்பிச் சொல்லுவேன். அவிய பச்சைன்னா பச்சை." பிறகு கேட்டார்: "நீ வெளிய சொல்லிருவியா?"

நான் வண்டி ஏறிவிட்டேன்.

பரீட்சையன்று மதுரையில் டாக்டர் அறை வாசலில் அவரும் நின்றார். ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார், டாக்டரின் கம்பளி நூலை யாரிடமோ வாங்கிப் பழகியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தேறி வெளியே வந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்று நின்றேன். முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கதவருகே ஒட்டி நின்று கேட்டேன்.

"ஐயா, நூலைக் கொட்ட வேண்டாம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. கொட்டகையிலயே ஒரு வேலை போட்டுக் கொடுங்க."

வெளியே வந்தவர், நான் நின்ற இடத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "ஒட்டுக் கேட்டியாக்கும்? போ மாப்ளே. அங்க சீயக்கா வாசம் இருக்காது, பயப்படாமப் பொறுக்கு."

நான் தேறினேன். அவர் கொட்டகையில் ஃபிட்டரானார். என் எஞ்சினின் பிரேக்கை அவர் பார்த்து அனுப்பினால், அதன் பிறகு நான் அதை மறுபடி சோதித்துப் பார்த்ததில்லை.

ஆனால் இருட்டில் தூரத்து விளக்கு தெரிந்ததும் இன்றுவரை நான் முதலில் வாய் திறப்பதில்லை. என் ஃபயர்மேன் தன் கண்ணால் பார்த்து நிறத்தைச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகுதான் நான் சொல்வேன்.