யார் மேலேயும் இல்லாத டென்ஷன்

முதல் தடவை அது வந்தபோது நான் உப்புப் பாக்கெட்டின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தேன். மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம், 2005 கோடை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. சுற்றிலும் காற்று இருந்தது, எனக்குள் மட்டும் போகவில்லை. சாகப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. நாளைக்கு என் மகள் பாப்பாவுக்கு யார் தலை சீவுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெயில் என்றார்கள். மோர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அப்புறம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாகிறேன் என்று கத்தினவள் எழுந்து உட்கார்ந்து மோர் குடித்தால் யார் நம்புவார்கள்?

பிறகு ரேஷன் கடையில் வந்தது. சந்தையில் வந்தது. கேஸ் டிரபிள் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிறும் மாத்திரையுமாகச் சில மாதங்கள் போயின. கடைசியில் என் கணவர் ஏழுமலை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் உப்பு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், ஒரு நாள் லீவு போடுவதே பெரிய விஷயம்.

ஈ.சி.ஜி. (நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் வரையும் பரிசோதனை) எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். பொறுமையாகக் கேட்டார்.

"அலையில உங்க வீட்ல யாராவது போயிட்டாங்களாம்மா?"

"இல்லைங்க."

"வீட்ல சண்டை, அடிதடி?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

இதன் பெயர் பேனிக் அட்டாக் (ஆபத்து எதுவும் இல்லாதபோதே, ஆபத்து வந்ததுபோல் உடம்பு மொத்தமும் பயந்து துடிப்பது) என்றார். சிலருக்குக் காரணம் தெரியும், சிலருக்குத் தெரியாது, இரண்டுமே நோய்தான் என்றார். தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும். எனக்கு அழுகை வந்தது. பெயர் இருக்கிறதே என்ற நிம்மதியில் வந்த அழுகை.

வாசலில் நின்ற கணவரிடம் டாக்டரம்மா எளிமையாகச் சொல்ல நினைத்தார். "பயப்பட ஒண்ணும் இல்லைங்க. உங்க வைஃப் ரொம்ப டென்ஷன்ல இருக்காங்க. அவ்ளோதான்."

அந்த ஒரு வார்த்தை என் குடியைக் கெடுத்தது.

எங்கள் பக்கத்தில் டென்ஷன் என்றால் கோபம். 'டென்ஷன் ஆவாத மச்சான்' என்றால் கோபப்படாதே என்று அர்த்தம். கோபத்துக்கு எப்போதும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். கணவர் வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை அப்படியே தன் அம்மாவிடம் ஒப்பித்தார். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"டென்ஷனா? யார் மேல? என் மேலயா?"

"அப்படி இல்ல அத்தை..."

"பாண்டி வரைக்கும் போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டியே. நான் என்னாடி பண்ணேன் உன்ன?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அவரை விட்டால் ஆள் இல்லை. பார்த்துக்கொண்டார். ஆனால் நான் கிளம்பும்போது பாப்பாவிடம், "போறா பாரு உங்கம்மா, என்னப் பத்தி சொல்றதுக்கு," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்த நாடகம் ஆரம்பித்தது. நாயகி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். லிஃப்டில் ஏறினால் மூச்சு முட்டும். மீட்டிங்கில் மயங்கி விழுவாள். அவளுடைய டாக்டரும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: டென்ஷன். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவே மும்தாஜ் அக்கா வீட்டு ஹாலில்தான் அதைப் பார்த்தது. அவர் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பிய பெரிய டிவி அது. நாடகத்தைவிட ஹாலில் பேசியவைதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"கார் இருக்குது, ஏசி இருக்குது, இன்னும் என்னாத்துக்கு டென்ஷன் ஆவுறா?"

"திமிரு. வீட்டுக்காரன் ரெண்டு வுட்டா சரியாப் போவும்."

மும்தாஜ் அக்கா மட்டும், "யா அல்லா, பாவம் அந்தப் பொண்ணு," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பக்கத்திலேயே நான் மூச்சு வாங்கினால் ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டுவார். கெட்டவர் இல்லை. வசனம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தை என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்து எனக்குச் சொல்வார். "மீன்கார கன்னியம்மா அலையில புள்ளையக் குடுத்தா. அவளே கூடையத் தூக்கிட்டு வர்றா. இவளுக்கு என்னா கொறை?"

அதற்குப் பிறகு கன்னியம்மா தெருவில் வந்தால் நான் மீன் வாங்காமல் உள்ளே போய்விடுவேன்.

நடிகை மயங்கி விழும்போதுகூட அவள் முடி கலையாது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு நாள் விழுவதற்கு முன் விரல்களை உதறினாள், மரத்துப்போனவள் உதறுகிற மாதிரியே. இன்னொருத்திக்கும் இப்படி ஆகிறது! அன்றைக்கு அந்த ஹாலில் அவளைத் தவிர எனக்கு யாருமே உறவில்லை என்று தோன்றியது.

அந்த உறவும் என்னைக் கைவிட்டது. கடைசி வாரத்தில் அவள் கணவனோடு கடற்கரைக்குப் போனாள், மாத்திரைகளை அலையில் வீசினாள், சிரித்தாள். சரியாகிவிட்டது. ஹாலில் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என் தொடையைத் தட்டிக் கேட்டாள்.

"அவளுக்கு சரியாயிடுச்சு. உனக்கு எப்போடி?"

அந்த மாதம் பாண்டிக்குப் போக வேண்டாம் என்று கணவர் சொன்னார். "மனசு வச்சா போதும்னு காட்னாங்க இல்ல? மாத்திரை சாப்பிட்டு சாப்பிட்டு நீதான் அத வளக்குற." மாத்திரை தீர்ந்துபோனது. இதைப் படிக்கிற நீங்களும் இதே நோயோடு இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நாடகம் எழுதுகிறவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். உடம்புக்கு அந்த அவசரம் கிடையாது.

நாலைந்து நாள் தலை சுற்றியது. அதற்குப் பிறகு வானூரில் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம். கணவர் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்ததால் நானும் அத்தையும் மட்டும் பஸ் ஏறினோம். ஊர் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும்போது வந்துவிட்டது. அதுவரை வந்ததிலேயே பெரியது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார்.

இரண்டு பக்கமும் பாத்திகள். நிழல் கிடையாது. வெள்ளையாகக் குவித்த உப்பில் வெயில் கண்ணைக் குத்தியது. ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"என் தம்பி வூட்டுக் கல்யாணத்துக்கு வர்றதுக்குக் கூட டென்ஷனா உனக்கு?" அத்தை பட்டுப் புடவையோடு நின்று கத்தினார். பேச எனக்கு மூச்சு இல்லை. விரல்கள் கோணிக்கொண்டு மடங்கின. அத்தை அதைப் பார்த்தார். குனிந்து பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் நெஞ்சில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஐயோ, என்னாடி இது, இப்படி அடிச்சிக்குது?"

முந்தானையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். துடிப்பு கொஞ்சம் தணிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இது யார் மேலயும் இல்ல. இல்ல?"

"இல்ல அத்தை."

அடுத்த பஸ்ஸை அவர்தான் கை காட்டி நிறுத்தினார். வானூருக்குப் போவோம் என்று நினைத்தேன். கண்டக்டரிடம் பாண்டி ஆஸ்பத்திரிக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். மல்லிகைப் பூவும் பட்டுமாக ஆஸ்பத்திரி காரிடாரில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். உள்ளே போனதும் அத்தையே பேசினார்.

"டாக்டரம்மா, இவளுக்கு டென்ஷன் இருக்குதுங்க. ஆனா யார் மேலயும் இல்லீங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதேதாம்மா," என்றார்.

கூடப்பிறந்த அக்காவே கல்யாணத்துக்கு வரவில்லை என்று வானூர்க்காரர்கள் போக்குவரத்தை அறுத்துக்கொண்டார்கள். அத்தை அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. அது வருவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மும்தாஜ் அக்கா வீட்டில் வேறு நாடகம் ஓடுகிறது, அந்த நாயகியின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. நான் நாளைக்கு என்று எதையும் நம்பிச் சொல்வதில்லை. காலை போனால் சரி, மதியம் போனால் சரி என்றிருக்கிறேன். என் உடம்பும் நானும் ஒரே வீட்டில் இருக்கும் மாமியார் மருமகள்போல. சில நாள் பேசிக்கொள்வதில்லை.

விளக்கு வைத்ததும் அத்தை தட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னிக்கி இருக்குதா?"

"இருக்குது அத்தை."

"யார் மேல?"

"யார் மேலயும் இல்ல."

"சரி, வா. சாப்பிடு."