யாரும் ஏறாத நிறுத்தம்

ஓய்வுபெற்ற போக்குவரத்து அதிகாரிக்குப் போக்குவரத்தைப் பற்றி வகுப்பெடுப்பதில் ஒரு வசதி உண்டு. கூட்டத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க அவர் ஏற்கெனவே பழகியிருப்பார். பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு சனிக்கிழமை மாலை இணைப்பை அனுப்பினான். பொதுப் போக்குவரத்து ஆய்வும் வடிவமைப்பும் பற்றிய இணையவழித் தொடர் வகுப்பு, ஆறு வாரம், முடிவில் சான்றிதழ். "டிவி முன்னாடி உக்காந்து எல்லாரையும் திட்டிட்டு இருக்கறதுக்கு இதுல சேருங்கப்பா" என்றான்.

சேர்ந்தேன். பேருந்து நிறுவனம் ஒன்றின் போக்குவரத்துப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எந்தப் படிவம் எத்தனை பிரதி, எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்பதெல்லாம் இப்போதும் மனப்பாடம். முதல் மூன்று வாரம் பேசியவர்கள் பேருந்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் ஒவ்வொரு வாரமும் விசில் அடித்தது. நிகழ்ச்சியில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான் என்று மகனுக்கு எழுதினேன்.

நான்காவது வாரம் பேசியது ஓர் இளம் ஆய்வாளர். அப்பாவுக்கு நம் பக்கத்து ஊர், வளர்ந்தது சிங்கப்பூர். தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நகரப் பேருந்துத் தடங்களை எடுத்துக்கொண்டு, டிக்கெட் இயந்திரத்தில் பதிவானதைக் கொண்டு எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று வரைபடம் போட்டிருந்தார். கூட்டமுள்ள இடத்தில் பெரிய வட்டம், குறைந்த இடத்தில் சின்ன வட்டம். எங்கள் ஊரில் வட்டமே இல்லை.

"இந்த ஸ்டாப்ல காலை முதல் ட்ரிப்ல போர்டிங் ஜீரோ. பஸ் உள்ள நுழையாம முந்தின ஊர்லேருந்தே பைபாஸ்ல போனா இருபது நிமிஷம் மிச்சம். நிர்வாகமும் இதைப் பரிசீலிக்கறாங்க" என்றார்.

காலை முதல் நடையில் எங்கள் ஊரில் ஏறுகிற ஒருவரை நான் வாரம் மூன்று நாள் பார்க்கிறேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாய். இருபத்திரண்டு வருடம் துபாயில் துணிக்கடையில் நின்றவர். இப்போது அதே கடையில் அவர் மகன் நிற்கிறான். பாய் திரும்பி வந்தபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஐந்தரை மணிப் பேருந்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதல் ஷிப்டைத் தவறவிட்டால் அன்றைக்கு இயந்திரம் கிடைக்காது. அந்த நடை நின்றால் அவருக்கு என்ன ஆகும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை.

அவர் ஏறுவது நிறுத்தத்தில் அல்ல, மதகடியில். எங்கள் ஊரே மதகடியில்தான் ஏறும். வீடுகள் எல்லாம் வாய்க்கால் கரையோரம். நிறுத்தமோ அதைத் தாண்டி, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கு எதிரே. வயலைப் பார்த்து அரை கிலோமீட்டர் நடக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஓட்டுநர்களும் மதகருகே வேகத்தைக் குறைத்து நிறுத்துவார்கள். இரண்டு கட்டண நிலைகளுக்கு நடுவில் ஏறுபவருக்குத் தாண்டி வந்த நிலையிலிருந்து டிக்கெட் தர வேண்டும். ஆகவே எங்கள் ஊரார் அத்தனை பேரும் இயந்திரத்தின் கணக்கில் முந்தின ஊரில் ஏறியவர்கள்.

அந்த விதியைச் சுற்றறிக்கையாக எழுதியது நான்தான். வருவாய்க் கசிவைத் தடுத்ததற்காகப் பாராட்டுக் கடிதமும் வாங்கினேன்.

கையை உயர்த்தும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். பேசத் தொடங்கினேன்.

"சார், நீங்க ம்யூட்ல இருக்கீங்க" என்றார் ஆய்வாளர்.

சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "அப்போ என் மேப்ல இருக்கற ஜீரோ எல்லாமே சந்தேகம்தானா சார்?"

"எல்லாமேன்னு சொல்ல மாட்டேங்க. எது எதுன்னு மெஷினுக்குத் தெரியாது."

"ஆறு நாள் நேர்ல தலையெண்ணி அனுப்புங்க சார். நான் ரிப்போர்ட்டைத் திருத்தறேன். ஆனா முடிவெடுக்கறது நான் இல்லைங்க."

அது எனக்குத் தெரியும். முடிவெடுக்கிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட ஆண்டுகள் அவை. சிக்கனம் என்று மேலிருந்து ஓலை மேல் ஓலை வந்தது. வேலைக்கு ஆண்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர்களில் ஆள் இல்லை, பேருந்து எதற்கு என்று பேசிக்கொண்டோம். திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தின் காலை நடையை, ஏறுவோர் இல்லை என்று பதிவேட்டைக் காட்டி நான் நிறுத்தினேன். ஒரு தாய் வந்து மேசை முன்னால் நின்றார். நடவு வேலை செய்கிறவர், காலில் சேறு காய்ந்திருந்தது.

"பொண்ணு ஒம்பதாவது படிக்குதுங்கய்யா. பஸ்ஸு இல்லன்னா நின்னுடுங்க."

"பதிவுல யாருமே ஏறலைன்னு இருக்கேம்மா."

"நாங்க ஏறுறோமுங்க. டெய்லி ஏறுறோம்."

மனுவாக எழுதித் தரச் சொன்னேன். எழுதத் தெரியாது என்றார். எழுதித் தர ஆள் பிடித்து வரச் சொன்னேன். அவர் வரவில்லை. அந்த ஊரிலும் வாய்க்கால் உண்டா, மதகு உண்டா, அந்தப் பெண் பள்ளியைத் தொடர்ந்தாளா, எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மறுவாரம் ஆறு நாள் மதகில் நின்று தலையெண்ணினேன். ஆஸ்பத்திரி ஆயா, பூ எடுத்துப் போகும் பெண்கள் இருவர், கல்லூரிப் பிள்ளைகள், பாய். ஒரு நாள் மழை. அன்றைக்கும் குறையவில்லை. நடத்துநரிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கே சார்! அனுமதி இல்லாத எடத்துல நிறுத்துனேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்றார். படியில் நின்ற ஆயா, "சும்மா இருந்த மனுசனை வம்புல மாட்டி விடுறாரு பெரியவரு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

நடத்துநர் சொன்னது நியாயம். என் எண்ணிக்கையை அப்படியே நீட்டினால் நடை தப்புமோ இல்லையோ, ஓட்டுநருக்கு மெமோ நிச்சயம். அவர்களைக் காப்பாற்றக்கூடிய தாள் ஒன்றுதான்: என் சுற்றறிக்கை. மதகு, பாலம் போன்ற இடங்களில் நிறுத்தலாம் என்று அதன் முதல் பத்தி. முந்தின நிலையிலிருந்து டிக்கெட் என்று இரண்டாம் பத்தி. பரணில் தேடி எடுத்தேன். கூடவே இரண்டு பக்கக் கடிதம். இரண்டாம் பத்தியால் பயணிகள் பதிவிலிருந்தே மறைந்துபோனார்கள், அதை அப்போது நான் யோசிக்கவில்லை, திருவையாறு பக்கத்து நடையையும் இதே பதிவை நம்பித்தான் நிறுத்தினேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ விளக்கக் கடிதங்கள் வாங்கியிருக்கிறேன். ஒன்று எழுதியது அதுதான் முதல் தடவை.

என் பழைய நாற்காலியில் இருந்த அதிகாரி மரியாதையாக எழுந்து உட்காரச் சொன்னார். படித்தார்.

"சார், இது நீங்க போட்ட சர்க்குலர்தானே?"

"நான் போட்டதுதான். தப்பாப் போட்டது."

"தப்புன்னு எழுத்துல வேணாமே சார். உங்க பேருக்கு..."

"எழுதியாச்சு. ரெண்டாம் பக்கம் பாருங்க."

அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் கடைசி வரி வரை படித்தார். "மதகு விஷயம் பார்க்கறேன். ஆய்வு பண்ணவங்களும் திருத்தி அனுப்பியிருக்காங்க. ஆனா அந்தத் திருவையாறு ட்ரிப், அது மூடின ஃபைல் சார். இப்ப அங்க மினிபஸ் ஓடுது."

"சரிங்க" என்றேன். மூடியவனே நான்தான்.

பத்து நாளில் ஆணை வந்தது. காலை முதல் நடை தற்போதைய தடத்திலேயே மூன்று மாதத்துக்குத் தொடரும், அதன்பின் மறுபரிசீலனை. இப்படியொரு வாக்கியத்தை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். முடியாது என்று சொல்ல மனம் வராதபோது எழுதுவது.

வெள்ளிக்கிழமை காலை மதகடியில் பாயிடம் சொன்னேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. "மூணு மாசத்துக்குத்தான் பாய் வாங்க முடிஞ்சுது."

பாய் சிரித்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். "மூணு மாசமா? டாக்டரே எனக்கு அடுத்த திங்கக்கிழமை வாங்கன்னுதான் சார் சொல்றாரு. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு. உங்க ஆபீஸ் தாராளமாத்தான் குடுத்திருக்கு."

பேருந்து வந்தது. நடத்துநர் என்னைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு பாய்க்குக் கை கொடுத்து ஏற்றினார்.

நான் வீட்டுக்கு வந்து காப்பிகூடக் குடிக்காமல் மறுபரிசீலனைக்கான மனுவை எழுத உட்கார்ந்தேன். அந்த அலுவலகத்தில் ஒரு தாள் கீழ் மேசையிலிருந்து மேல் மேசைக்குப் போய்ச் சேர மூன்று மாதம் ஆகும்.