வயிற்று வலிக்கு முறை வைத்த ஊர்

ஆம்புலன்ஸ் வேலையில் சைரன் ஓட்டுநருக்கு, திட்டு மேற்பார்வையாளருக்கு. நான் தேனியில் மேற்பார்வையாளன். யார் கூப்பிட்டாலும் அழைப்பு சென்னைக்குத்தான் போகும். எந்த வண்டி போக வேண்டும், எது எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பதில் சொல்வது மட்டும் என் பாடு. இரண்டு பக்கமும் இடி வாங்கும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பக்கத்தில் என்ன கடை?

கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலிலிருந்து விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. தோட்டக்கார ராவுத்தர் போன் செய்தார். வண்டி தோட்டம் தோட்டமாகச் சுற்றிவிட்டுப் போனதால் புகார் வந்தது, ஒலிப்பதிவைக் கேட்டேன். சென்னையில் போனை எடுத்த பெண்ணும் பாவம், பக்கத்தில் என்ன கடை, என்ன பள்ளிக்கூடம் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார். ராவுத்தர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கடைக்குப் பக்கத்துல விழுந்திருந்தா நாங்களே ஒரு ஆட்டோவுல ஏத்தியிருப்போம்ல, தாயி!"

நின்ற வண்டி

ஒவ்வொரு வண்டியும் சென்னைத் திரையில் ஒரு புள்ளி. புள்ளி நகராவிட்டால் எனக்குப் போன் வரும். மயிலாடும்பாறைக்கு அப்பால் மலையடிவார ஊர் ஒன்றில் நிற்கும் வண்டி, பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் நின்றுவிட்டது. விளக்கம் கேட்டார்கள். வண்டியின் மருத்துவ உதவியாளர் செல்வியை அழைத்து, ஏன் நிறுத்தினீர்கள் என்றேன்.

"சார், தலை தெரியுது. சென்னையில கேட்டுட்டு வரச் சொல்லவா?"

தெருவுக்கு ஒரு நாள்

அந்த ஊரில் அழைப்புகள் குறைவு, வண்டியை நெடுஞ்சாலைக்கு மாற்றலாம் என்று சென்னையில் பேச்சு கிளம்பியது. எப்படியோ அது ஊருக்கும் எட்டிவிட்டது. அப்புறம் பார்த்தால், நாள் தவறாமல் யாருக்காவது வயிற்று வலி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வலி பறந்துவிடும், ஆள் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பிப் போனேன். அன்று வண்டியிலேயே பெற்ற கைக்குழந்தையோடு நின்ற பேச்சியம்மாள் கொஞ்சமும் மறைக்கவில்லை:

"ஆளு கூப்பிடலைன்னா வண்டியக் கொண்டு போயிருவாகளாமே சார்? அதான் வாய்க்காத் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி, தெருவுக்கு ஒரு நாள்னு முறை வச்சுக் கூப்பிடுறோம்."

கருப்பையாவின் முறை

அன்று மேலத்தெரு முறை. கருப்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பேச்சியம்மாளின் மூத்த மகனைக் கடலைக்காட்டில் பாம்பு கடித்துவிட்டது. ஊர் வண்டியில் நோயாளி இருந்ததால், சென்னை ஆண்டிபட்டிப் பக்கத்து வண்டியை அனுப்பியது. அது வந்து சேர நேரமாகும். ஊரிலிருந்து செல்விக்குப் போன் வந்தது. ஏற்றிய நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்காமல் வண்டியைத் திருப்பக் கூடாது என்பது விதி. செல்வி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போனில் கருப்பையாவின் சத்தம்:

"எனக்கு ஒன்னும் இல்லத்தா, பொய் வலி! இங்கனயே எறக்கி விட்டுட்டு வண்டியத் திருப்பு!"

பொய் நின்ற பிறகு

திருப்பச் சொன்னேன். பையன் பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார் டாக்டர். விதியை மீறியதற்கு எனக்கு ஓலை வந்தது, அது போகட்டும். ஊர் பயந்துபோய் அன்றோடு முறையை நிறுத்தியது. அழைப்புகள் குறைந்தன. வண்டியை மாற்றும் உத்தரவு வந்தது. சென்னைக்குப் பேசி, பாம்புக்கடியைச் சொல்லிக் கெஞ்சினேன். "அது ஒரு அழைப்புதானே சார்" என்றார்கள். ஊருக்குச் சொல்ல நானே போனேன். வெட்கமாக இருந்தது. கையில் கட்டோடு நின்ற மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பேச்சியம்மாள் கேட்டார்:

"பொய் சொன்ன வரைக்கும் நின்னுச்சு. நெசமா நடந்துக்கிட்டோம், போயிருச்சு. இனி இவனுக்கு ஒன்னுன்னா எங்கன போயி நிக்க, சார்?"

நோய்நொடி இல்லாமல் ஒழுங்காக இருக்கும் ஊருக்கு எங்கள் துறை கொடுக்கும் பரிசு, ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போவதுதான்.